காகிதத்தில் இருக்கும் காரும் சாலையில் ஓடும் காரும்

எந்த எஞ்சின் ஆயில் நல்லது என்ற தீராத வாக்குவாதத்துக்கு அடுத்தபடியாக எங்கள் கார் கிளப்பின் நேரத்தை அதிகம் விழுங்குவது இன்சூரன்ஸ்தான். கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே காரை வைத்திருப்பவர்கள் எங்களில் குறைவு. ஸ்பிரிங், சக்கரம், எக்ஸாஸ்ட் என்று எதையாவது மாற்றியவர்களே மிகுதி. உறுப்பினர்களின் பாலிசித் தாள்களையும் நிறுவனங்களின் பதில் கடிதங்களையும் படித்துப் பார்த்து விளக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நான் வழக்கறிஞரும் அல்ல, ஏஜென்டும் அல்ல. பொடி எழுத்தைப் பொறுமையாகப் படிக்கக்கூடியவன் என்ற ஒரே தகுதியில் அது என் தலையில் விழுந்தது. புலம்பல்கள் பெரும்பாலும் பிரீமியத்தில்தான் தொடங்கும். ஆனால் கூடுதல் பிரீமியம் கட்டி நொந்தவர்களைவிட, நிறுவனத்தின் பதிவில் இருக்கும் காரும் தம் வாசலில் நிற்கும் காரும் ஒன்றாக இல்லாததால் கிளைம் நேரத்தில் தவித்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த இடைவெளி விண்ணப்பப் படிவத்திலேயே பிறந்துவிடுகிறது. இணையத்தில் பாலிசி எடுக்கும்போது, வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால் ஒரு பட்டியல் விரியும். அலாய் வீல் இருக்கும், ஸ்பாய்லர் இருக்கும், பெரிய எக்ஸாஸ்ட் இருக்கும். நாம் மாற்றிய பொருள் மட்டும் இருக்காது, அல்லது அதில் பாதி இருக்கும். தொலைபேசியில் அழைத்தாலும் மறுமுனையில் இருப்பவரின் திரையிலும் அதே பட்டியல்தான். தம் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் பொருத்தியதைச் சொன்ன ஓர் உறுப்பினரிடம், “சார், அது எஞ்சினா, பாடியா, இன்டீரியரா? இந்த மூணுல ஒண்ணு சொன்னாத்தான் நான் அடுத்த பக்கம் போக முடியும்” என்று கேட்டிருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கிடும் அந்தப் பாகம் மூன்றிலும் சேராது. வேறு வழியின்றி ‘எஞ்சின்’ என்றார், பிரீமியம் ஏறியது. கேட்டவர் மீது குற்றமில்லை. அபாயத்தை எடைபோட்டு விலை வைக்கும் அண்டர்ரைட்டரிடம் நாம் சொல்வது நேராகப் போய்ச் சேர்வதே இல்லை என்பதுதான் சங்கடம்.

எது மாற்றம் என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. தொழிற்சாலையில் பொருத்தி, தயாரிப்பாளரின் பட்டியலில் அந்தக் காருக்கு உரியதாகப் பதிவான பாகம் பொதுவாக மாற்றமாகக் கருதப்படுவதில்லை. அதே பாகத்தை டீலர் பிறகு பொருத்தினால் சில நிறுவனங்கள் துணைக்கருவி என்கின்றன, சில மாற்றம் என்கின்றன. வெளியே வாங்கிப் பொருத்தினால் ஏறக்குறைய எல்லாமே மாற்றம்தான்: டிரெய்லர் இழுக்கும் டோ பார், கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிம், நிறம் மாற்றும் வினைல் ரேப், கூரைப் பெட்டிக்கான நிலையான சட்டம் வரைக்கும். வேகத்தோடு தொடர்பில்லாததால் சொல்ல வேண்டியதில்லை என்று உறுப்பினர்கள் தாமாக முடிவெடுத்துக்கொள்கிறார்கள். படிவத்தில் இருப்பதோ வேகத்தைப் பற்றிய கேள்வி அல்ல. தயாரிப்பாளர் கொடுத்த நிலையிலிருந்து கார் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதன் கடுமையான முகத்தைக் கால்கள் செயலிழந்த ஓர் உறுப்பினரின் விஷயத்தில் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் கையாலேயே இயக்கும் கருவி அவர் காரில் உண்டு. அது இல்லாமல் அவரால் ஓட்டவே முடியாது. ஓட்டுநர் உரிமத்திலும் அது குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் படிவத்தில் அது டர்போ பொருத்தியவரின் பெட்டிக்குள்ளேயே விழுந்தது. உடல் குறைபாட்டுக்கான மாற்றியமைப்பு என்ற தனிப் பிரிவு பல நிறுவனங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் அதைக் காட்டுவதில்லை. அவர் எழுத்தில் கேட்ட பிறகு, எந்தக் கூடுதல் தொகையும் இல்லாமல் அதே நிறுவனமே பதிவைத் திருத்திக் கொடுத்தது.

பிரேக் மேம்பாட்டுக்குக் கூடுதல் பிரீமியமா என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும். பெரிய டிஸ்க்கும் நல்ல பேடும் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும். அதற்குப் பரிசல்லவா தர வேண்டும் என்பது வாதம். நிறுவனத்தின் பார்வையில் பிரேக் ஒரு தடயம். பிரேக்கை மாற்றியவர் வேகமாக ஓட்டுபவராக இருக்கக்கூடும் என்று அவர்களின் கணக்கு ஊகிக்கிறது. பாகத்தை விட்டுவிட்டு அதை வாங்கிய ஆளை எடைபோடுகிறார்கள். இதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது என்பது என் கருத்து. நிறுவனங்களின் தயக்கத்துக்கு வேறு உறுதியான காரணங்கள் உண்டு: வெளிப் பாகங்கள் பொருத்திய காருக்கு மோதல் சோதனை முடிவுகள் கிடையாது, பழுதுபார்க்கப் பாகம் கிடைப்பது தாமதமாகலாம், அழகான சக்கரங்கள் திருடனின் கண்ணிலும் அழகாகவே படும். கார் உருண்டால் கூரை நசுங்காமலிருக்க உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூடான ரோல் கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கென்றே பொருத்துகிறோம், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டும்போது சாதாரண மோதலிலும் அந்த இரும்புக் குழாயில் தலை இடிக்க வாய்ப்பிருக்கிறது. அண்டர்ரைட்டர் அதைக் கேட்டால் அவரை அறிவிலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சக்கரம் மாற்றுவது எல்லோரும் முதலில் செய்வது, அலட்சியமாகவும் செய்வது. ‘அலாய் வீல்’ என்று மட்டும் பதிவாகியிருந்தால் அது பாதிச் செய்தி. 195/50 ஆர்15 டயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 576 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாகப் போடும் 205/45 ஆர்16 டயருடையது ஏறத்தாழ 591. வித்தியாசம் 2.6 சதவீதம். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் கார் அவ்வளவு கூடுதலாக நகர்கிறது, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது. பெரிய வித்தியாசமில்லைதான். ஆனாலும் டயர் அளவு, ரிம் அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ தள்ளி அமர்கிறது என்ற அளவு) மூன்றையும் எழுதிக் கொடுத்தவரிடம் பிறகு யாரும் எதுவும் கேட்டதில்லை. முன்பக்கக் கேமராவும் ரேடாரும் உள்ள புதிய கார்களில் உயரத்தை மாற்றினால் அவற்றை மீண்டும் அளவீடு செய்ய நேரலாம். செய்ததற்கான பணிமனைத் தாளைக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன்.

எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றி எழுதும் ரீமேப் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சொல்லத் தேவையில்லை என்ற வாதத்தை இளைய உறுப்பினர்களிடம் இன்னும் கேட்கிறேன். தெரியாது என்பது தவறு. பல ஈசியூக்கள் தம் மென்பொருள் எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டது என்பதை எண்ணி வைத்திருக்கின்றன. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அந்த எண்ணிக்கை கூடும், குறையாது. போதாததற்கு, மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக் அழுத்திய நேரம் முதலியவற்றைச் சேமிக்கும் பதிவுக் கருவி ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜூலை 2024 முதல் பதிவாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம். பெரிய விபத்து நடந்தால் இவையெல்லாம் திறந்து பார்க்கப்படும். சிறிய கீறலுக்கு யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் உண்மை, அதுவே மனிதர்களை ஏமாற்றுகிறது. சிறு கிளைம்கள் தடையில்லாமல் கிடைத்துக்கொண்டே வரும். வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அந்த ஒன்றில்தான் கோப்பு முழுதும் மேசைக்கு வரும்.

ஒரு கிளைமில் நான் பணிமனைக்கே போய் நின்றேன். முன்பக்க இடது சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதி உள்ளே மடங்கிய கார். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அவசரப்படாத மனிதர். லிஃப்டில் தூக்கிய காரின் அடியில் நின்று, டேம்பரைச் (ஷாக் அப்சார்பர்) சுற்றியிருந்த திருகு மரையில் படிந்த மண்ணைத் துணியால் துடைத்தார். டார்ச்சை அருகில் பிடித்து, ஸ்பிரிங்கின் கீழ்வளையத்தில் பொறித்திருந்த பாக எண்ணைப் படித்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, “ஸ்பிரிங் மாத்தியிருக்குன்னு இருக்கு. இது முழு செட்டாச்சே” என்றார். உறுப்பினர் பாலிசி எடுத்தபோது தொலைபேசியில் ‘கோய்லோவர்’ என்றுதான் சொல்லியிருந்தார். ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாக வரும், உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய அமைப்பு அது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததால் எதிர்முனையில் இருந்தவர் கிட்டத்தட்ட ஒத்துவரும் ‘ஸ்பிரிங்’கைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நல்லவேளையாக, பேசிய அன்றே உறுப்பினர் அந்தப் பேச்சின் சாரத்தை எழுதி, ரசீதின் நகலோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த ஒரு மின்னஞ்சலால்தான் கிளைம் நிராகரிக்கப்படவில்லை. இருந்தும் கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் கோய்லோவருக்குப் பதில் தயாரிப்பாளரின் சாதாரண டேம்பருக்கான விலையே கிடைத்தது. பாலிசி மாற்றத்தை அனுமதித்திருந்ததே தவிர, மாற்றிய பாகத்துக்கு அதே பாகத்தைத் தருவதாக அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

மாற்றத்தை ஏற்றுக்கொள்வது ஒன்று, மாற்றிய பாகத்துக்குக் காப்பு தருவது வேறொன்று என்பது பலர் தவறவிடும் இடம். ஏற்றுக்கொள்வது என்றால், இந்த மாற்றம் இருப்பதைக் காரணம் காட்டிக் கிளைமை மறுக்க மாட்டோம் என்பது மட்டுமே. மாற்றிய பாகத்துக்கு நிகரான பாகத்தையே தருவது தனிப் பிரிவு. பாலிசியில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். பாலிசித் தாள் கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். இல்லாவிட்டால் கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடாதீர்கள் என்பேன். நிறுவனம் சாதாரண பாகத்துக்குப் பணம் கொடுக்கும்போது அந்தப் பழைய டேம்பர்கள் பரணிலிருந்து இறங்கிவந்து காரை ஓடவைக்கும்.

‘எல்லாவற்றையும் நீயாகவே சொல்ல வேண்டும்’ என்ற கோட்பாட்டின் வரலாறு சுவையானது. 1766ல் இங்கிலாந்தில் தீர்ப்பான கார்ட்டர் எதிர் போம் வழக்கில், காப்பீட்டுக்கு உரிய விசேஷச் செய்திகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், காப்பீடு தருபவர் அவர் சொல்லை நம்பித்தான் செயல்படுகிறார் என்று நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் விளக்கினார். சுமத்ராவின் மார்ல்பரோ கோட்டை எதிரிகளிடம் விழுந்தால் இழப்பீடு என்று அதன் ஆளுநருக்காக எடுத்த காப்பீடு அது. கோட்டை 1760ல் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. நிறுவனங்கள் தமக்குச் சாதகமாகக் காட்டும் இந்த வழக்கில் தோற்றவர் காப்பீட்டாளர்தான். கோட்டையின் நிலையைப் பற்றி அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்று நீதிமன்றம் கருதியது. நுகர்வோர் காப்பீட்டில் சட்டம் பிற்பாடு அந்தப் பக்கமாகவே நகர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2012ல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், தானாக எல்லாவற்றையும் சொல்லும் கடமையை நுகர்வோரிடமிருந்து நீக்கி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும் என்றது. ஆஸ்திரேலியாவும் 2021 அக்டோபரில் அதே வழிக்கு வந்தது. இந்தியாவில், எல்லாவற்றையும் தானாகவே சொல்ல வேண்டும் என்ற பழைய முழு நன்னம்பிக்கைக் கோட்பாடே நீதிமன்றங்களில் வலுவாக நிற்கிறது. எந்த நாட்டுக்காரரானாலும், தம் ஊர்ச் சட்டம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

பிரிட்டன் சட்டத்தில் இன்னொரு பயனுள்ள கணக்கு இருக்கிறது. ஒருவர் வேண்டுமென்றே அல்லாமல் அசட்டையாகத் தவறான பதில் சொல்லியிருந்து, சரியான பதிலுக்கு நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால், இழப்பீடு அந்த விகிதத்தில் குறைக்கப்படும். 100 கட்டியிருக்க வேண்டிய இடத்தில் 60 கட்டியவருக்குக் கிளைமில் 60 சதவீதம் கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்தவருக்கு ஒன்றுமில்லை. கட்டிய பிரீமியத்தையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. இந்தக் கணக்கைச் சொன்னதும், ரீமேப்பை மறைத்து மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் சிலர் பேச்சை மாற்றினார்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்வதோடு வேலை முடிந்துவிடாது என்பது அடுத்த சிக்கல். வாகனச் சட்டம் தனி வாசல். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுக் கருவி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ஜெர்மனியில், பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றமோ புகையையும் சத்தத்தையும் மோசமாக்கும் மாற்றமோ உரிய ஆய்வில்லாமல் செய்யப்பட்டால் வாகனத்தின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். ஆகவே நிறுவனம் ‘குறித்துக்கொண்டோம்’ என்றால் அது வாகன அதிகாரியின் அனுமதி ஆகாது. அதிகாரி அனுமதித்தார் என்பதால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டதாகவும் ஆகாது. இரண்டு வாசலையும் தட்ட வேண்டும்.

“மூன்றாம் தரப்புக்கு எப்படியும் கம்பெனி கொடுத்துத்தானே ஆக வேண்டும்” என்று சிலர் தெம்பாகச் சொல்வார்கள். கட்டாயக் காப்பீடு உள்ள பல நாடுகளில் அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பிறகு அதே தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் உரிமையும் அதற்கு இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் நிரந்தரமாக நடக்க முடியாமல் போன விபத்தின் இழப்பீட்டை எக்ஸாஸ்ட் மாற்றியவர் தம் சேமிப்பிலிருந்து திருப்பிக் கட்டுவது என்றால் என்னவென்று யோசித்துப் பார்க்கலாம்.

மதிப்பு விஷயத்தில் மனத்தாங்கல் மிக அதிகம். காருக்குள் கொட்டிய பணம் காரின் மதிப்பாக மாறும் என்று எதிர்பார்க்கிறோம். சந்தை மதிப்புப் பாலிசியில் அது நடக்காது. அதே ஆண்டு, அதே மாடல், அதே நிலையில் உள்ள சாதாரணக் காரின் விலைதான் அளவுகோல். பழுதுச் செலவு அந்த மதிப்பை நெருங்கினால் முழு இழப்பு என்று எழுதிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுப்பிய கார் பழைய இரும்பு விலைக்குப் போகும். இதற்கு மாற்று, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசி. எங்கள் கிளப் இதில் உருப்படியாக ஒன்று செய்கிறது: கார் ஒவ்வொன்றையும் அனுபவமுள்ள இரண்டு உறுப்பினர்கள் பார்த்து, படங்களோடு மதிப்புக் கடிதம் எழுதுகிறோம். சில சிறப்பு நிறுவனங்கள் அதை ஏற்கின்றன, சில தம் ஆளையே அனுப்புகின்றன. ஒப்புக்கொண்ட மதிப்பு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும்போது புதுக் கடிதம் கொடுக்காவிட்டால் பாலிசி சத்தமில்லாமல் சந்தை மதிப்புக்குத் திரும்பிவிடக்கூடும்.

இவையெல்லாம் சேர்ந்துதான் நாங்கள் ஒவ்வொரு காருக்கும் ஒரு விவரத்தாள் வைக்கத் தொடங்கினோம். பாகத்தின் பெயர், தயாரிப்பாளர், பாக எண், பொருத்திய தேதி, பொருத்தியவர், ஆய்வுச் சான்று இருந்தால் அதன் எண், சக்தி கூடியிருந்தால் அதை அளக்கும் டைனோ இயந்திரத்தின் அளவீடு, கூடவே ஒவ்வொன்றுக்கும் படம். படத்தில் பாக எண் படிக்கும்படி இருக்க வேண்டும். தூரத்திலிருந்து எடுத்த அழகான படம் இதற்கு உதவாது. நிறுவனத்தின் படிவம் எதைக் கேட்டாலும் இந்தத் தாளை முழுதாக இணைத்து அனுப்புகிறோம். ‘இணைப்பில் உள்ளவற்றைப் பதிவு செய்து எழுத்தில் உறுதிப்படுத்தவும்’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். பதில் வராவிட்டால் மறுபடி கேட்கிறோம். பதில் வந்தால் பாலிசித் தாளில் அது ஏறியிருக்கிறதா, எந்தப் பெயரில் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறோம்.

புதுப்பித்தல் இன்னொரு பொறி. தானாகப் புதுப்பிக்கும் பாலிசியில் சென்ற ஆண்டின் பட்டியல் அப்படியே வரும் என்று நம்பக் கூடாது. நிறுவனம் தன் கணினி அமைப்பை மாற்றியபோது மாற்றங்கள் அத்தனையும் காணாமல்போன பாலிசி ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆண்டின் நடுவில் எதையாவது பொருத்துவதாக இருந்தால், பாகத்தை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பொருத்திய பிறகு சொல்லி, நிறுவனம் பாலிசியை ரத்து செய்தால், அந்த ரத்து ஒட்டிக்கொண்டே வரும். எந்த நிறுவனமாவது உங்கள் பாலிசியை ரத்து செய்ததுண்டா என்ற கேள்வி பல படிவங்களில் இருக்கிறது. ஒத்துவராது என்று அவர்கள் கோடிகாட்டினால், அவர்கள் முந்துவதற்குள் வேறிடத்தில் பாலிசி எடுத்துக்கொண்டு நாமே முறைப்படி விலகிவிட வேண்டும்.

சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் நாட்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. சாலைப் பாலிசிகள் பெரும்பாலும் பந்தயத் தளத்தை முற்றாக விலக்குகின்றன, நேரம் கணக்கிடாத ஓட்டமானாலும். ஒரு நாளுக்கென்று தனிக் காப்பு கிடைக்கிறது. அதிலும் பிறர் காருக்கு நேரும் சேதம் வழக்கமாகச் சேராது.

மாற்றியமைத்த காரைக் கைமாறி வாங்குபவர்கள்தான் இப்போது எனக்கு அதிக வேலை வைக்கிறார்கள். முந்தைய உரிமையாளர் என்னென்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். வாங்கிய வாரமே காரை லிஃப்டில் ஏற்றி, அந்த மாடலைத் தெரிந்த ஒருவரை அடியில் நிறுத்தி, தயாரிப்பாளரின் பாக எண்களோடு ஒப்பிடச் சொல்கிறேன். வெட்டிய ஸ்பிரிங், மாற்றிய இன்ஜெக்டர், ஒட்டுப்போட்ட வயரிங் என்று விற்றவர் வாயே திறக்காத பலவும் வெளிவரும். கண்டவற்றை விவரத்தாளில் ஏற்றி, பரிசோதித்த பணிமனையின் தாளையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஈசியூவைப் படித்துப் பார்க்கும் வசதியுள்ள பணிமனையாக இருந்தால், அதையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.